மின்விசிறி உறுமுகிறது, சுற்றவில்லை: செட்டிநாட்டு வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஒரு கல்யாணத்துக்காகவோ படைப்பு எனும் முன்னோர் வழிபாட்டுக்காகவோ திறக்கும்போது, எனக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “வளவில் இருக்கிற விசிறி உர்ரென்று சத்தம் போடுகிறது, ஆனால் சுற்றவில்லை.” (வளவு என்பது முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி.) கண்டன்சரை (விசிறியைப் புறப்பட வைக்கும் சிறு பாகம், கெப்பாசிட்டர்) மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் அது பெரும்பாலும் உண்மை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் அதை அப்படியே நம்பக் கூடாது. அங்கே பேரிங்கையும் அதே அளவு சந்தேகிக்க வேண்டும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் விசிறியை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்து, பழுது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அதுவரை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உறுமிக்கொண்டு நிற்கும் விசிறியை, “சற்று நேரம் விட்டால் சுற்றத் தொடங்கிவிடும்” என்று ஓடவிடாதீர்கள். காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் இறக்கை சுற்றாததால் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று இருக்காது. சிறிய செலவில் முடிந்திருக்க வேண்டிய பழுது, காயில் கருகிப் பெரிய செலவில் முடிவது இப்படித்தான்.

ஏணியில் ஏறுவதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது. மரச் சட்டத்தின்மேல் கம்பி ஓடும் பழைய கட்டை வயரிங் உள்ள வீடுகளில் சுவிட்ச் சில இடங்களில் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் விசிறியின் கப்புக்குள் (ராடின் முனையில் இணைப்புகளை மூடும் கிண்ணம்) பேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, உயிரோடு இருக்கும். மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணையுங்கள். மெயின் போனவுடன் இன்வெர்ட்டர் தானாக எழுந்து அதே விசிறிக்கு மின்சாரம் தருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன்பின் கப்பை இறக்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருந்தபோதே ஒரு பிளக்கில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும்.

நம் வீடுகளின் உயரமும் தரையும் தனிக் கவனம் கேட்பவை. வளவிலும் பட்டாலை எனும் கூடத்திலும் கூரை உயரமாக இருப்பதால் நீண்ட ராடு போட்டுத்தான் விசிறியைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆனாலும் மேல் கப்பைத் தொடவேண்டுமென்றால் உயரமான இரட்டை ஏணி வேண்டும். வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், காலில் ரப்பர் இல்லாத ஏணி ஒரு நொடியில் வழுக்கிவிடும். ஏணிக்கால்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, கீழே ஒருவர் கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லையென்றால் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் சோதனை: கையால் சுற்றுதல்

மின்சாரம் முழுவதும் அணைந்த நிலையில், இறக்கையின் நுனியை ஒரு விரலால் மெல்லத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நல்ல விசிறி சத்தமின்றிப் பல சுற்றுகள் ஓடி, மெதுவாகத் தணிந்து நிற்கும். அப்படி ஓடினால் முதல் அறிகுறிக்குச் செல்லுங்கள். விட்ட இடத்திலேயே நின்றாலோ, அரைச் சுற்றில் நின்றாலோ, சுற்றும்போது ‘கரகர’வென்று உரசினாலோ இரண்டாவது அறிகுறிக்குச் செல்லுங்கள். கருகல் வாடை வந்திருந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம். நேராக ஐந்தாவதைப் படியுங்கள்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு வீட்டில், ஒரே விசிறிக்கு ஒரே வாரத்தில் மூன்று பேர் மூன்று கண்டன்சர் மாற்றியிருந்தார்கள். வீட்டு ஆச்சி, கழற்றிய மூன்றையும் ஒரு தாளில் பொதிந்து வைத்திருந்து என்னிடம் காட்டினார். மீட்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் நல்ல நிலையில் இருந்தன. ஏணியில் ஏறி இறக்கையைத் தள்ளினேன். ஈரக் களிமண்ணில் ஊன்றிய குச்சிபோல, தள்ளிய இடத்திலேயே அது நின்றது. மோட்டாரை இறக்கித் திறந்தபோது, பேரிங்கில் இருந்த கிரீஸ் ஆறிப்போன கருப்பட்டிப் பாகுபோல இறுகிப் பழுப்பாகியிருந்தது. மேல்மூடியின் காற்றுத் துளையை ஒட்டிக் குளவி கட்டிய மண்கூடு ஒன்று உடைந்து, அதன் துகள் சுற்றிலும் சிதறிக் கிடந்தது. இரண்டு பேரிங்கை மாற்றியதும் விசிறி ஓடியது. அந்த மூன்று கண்டன்சர்களில் எதைப் போட்டாலும் ஓடியிருக்கும்.

அறிகுறி 1: உறுமுகிறது, கையால் இலகுவாகச் சுற்றுகிறது

இங்கே இரண்டாவதாக ஒரு சோதனை உண்டு. ஏணியை அகற்றிவிட்டு, கீழே யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மின்சாரம் கொடுத்து ரெகுலேட்டரை 5-இல் வையுங்கள். உலர்ந்த மூங்கில் ஒட்டடைக் கம்பால் ஓர் இறக்கையை மெல்லத் தள்ளிவிட்டு, கம்பை உடனே பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் கம்பு கூடாது. தள்ளிய பிறகு விசிறி தானாக வேகமெடுத்தால், மோட்டார் உயிரோடு இருக்கிறது, புறப்பட வைக்கும் பகுதிதான் செத்திருக்கிறது என்று பொருள். நின்ற பிறகு எதிர்த் திசையில் தள்ளிப் பாருங்கள். அந்தப் பக்கமாகவும் ஓடத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்; பழுது கண்டன்சரிலோ, அதற்குப் போகும் கம்பியிலோ, ஸ்டார்டிங் காயிலிலோதான் இருக்கிறது. செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம்.

கம்பி. மேல் கப்பை இறக்கி, கண்டன்சருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சில விசிறிகளில் கண்டன்சர் கீழ்க் கப்புக்குள் மோட்டாரின் தலைமேல் இருக்கும். நம் வீடுகளில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: கடையில் விசிறியோடு வரும் கம்பி நீண்ட ராடுக்குப் போதாது என்பதால், அதை ஒட்டுப்போட்டு நீட்டி, ஒட்டை ராடுக்குள்ளேயே மறைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் டேப் பிசுபிசுத்து அந்த ஒட்டு தளர்ந்துவிடும். ராடின் வாய் விளிம்பில் உரசி உரசிக் கம்பி அறுந்துபோவதும் உண்டு. ராடுக்குள் ஒட்டு இருப்பது தெரிந்தால், அதைத் திரும்ப ஒட்டாமல், மோட்டாரிலிருந்து மேல் கப்புவரை ஒட்டில்லாத புதுக் கம்பியை இழுத்துவிடுங்கள்.

கண்டன்சர். பழுதடைவதற்கு முன் இது பெரும்பாலும் அறிகுறி காட்டும்: 5-இல் வைத்தும் காற்று வாரத்துக்கு வாரம் குறைந்து, கடைசியில் ஒருநாள் புறப்படாமல் நின்றுவிடும். உடல் உப்பியிருந்தாலும், வெடித்திருந்தாலும், கசிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருப்பது மட்டும் போதாது. கொள்ளளவு அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன், ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயர்களையும் கண்டன்சரின் இரு முனைகளில் சில நொடி வைத்து, தேங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுங்கள். ஸ்குரூ டிரைவரால் இரு முனையையும் தட்டித் தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம். 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது 2-க்கும் கீழே காட்டினால் அதன் காலம் முடிந்துவிட்டது.

மாற்றும்போது பழைய கண்டன்சரில் எழுதியிருக்கும் அளவையே கேட்டு வாங்குங்கள். 48 அங்குல விசிறிகளில் 2.25, 2.5, 3.15 ஆகிய அளவுகளே அதிகம் காணப்படும். 440 வோல்ட் என்று பொறித்திருக்க வேண்டும். “பெரிதாகப் போட்டால் காற்று அதிகம் வரும்” என்று 4 மைக்ரோஃபாரடைப் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். அது சில நாள் வேகமாக ஓடுவதுபோலத் தோன்றலாம். ஆனால் அதன் சூட்டைத் தாங்குவது ஸ்டார்டிங் காயில். என் கைக்கு வந்த கருகிய மோட்டார்களில் சில இந்தப் பெருந்தன்மையால் கருகியவை என்பதால் இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஸ்டார்டிங் காயில். கம்பியும் கண்டன்சரும் நன்றாக இருந்தும் புறப்படவில்லையென்றால் காயிலை அளக்க வேண்டும். கண்டன்சரைக் கழற்றிவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக எடுத்து ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். பெரிய அளவு காட்டிய ஜோடியில் சேராமல் தனித்து நிற்கும் கம்பிதான் காமன், அதாவது இரண்டு காயிலுக்கும் பொதுவான கம்பி. கம்பியின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், காயில் கட்டிய விசிறியில் கட்டியவரின் விருப்பப்படி இருக்கும். ஒரு ஜோடி மட்டும் அளவு காட்டி மற்ற இரண்டும் வெறுமையாக நின்றால், ஒரு காயில் அறுந்திருக்கிறது. இதற்குமேல் வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மோட்டாரை இறக்கிக் காயில் கட்டும் கடைக்குக் கொடுக்க வேண்டும்.

கிளை: கையால் சுற்றினால் இலகு, மின்சாரம் கொடுத்தால் இறுக்கம்

கம்பால் தள்ளும்போது இறக்கை எதிர்ப்புக் காட்டி, ஏதோ பிடித்திழுப்பதுபோல நின்று, உறுமல் மட்டும் பலமாகக் கேட்டால், அது கண்டன்சர் பழுது இல்லை. பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கிறது. சுற்றும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரிங் ஆடினால், மின்சாரம் வந்தவுடன் காந்த இழுப்பில் இரண்டும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, மோட்டாரின் அடிவட்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். ‘டக்டக்’கென்று கைக்கு ஆட்டம் தெரிந்தால் பேரிங்கை மாற்ற வேண்டும்.

அறிகுறி 2: உறுமுகிறது, கையாலும் சுற்றவில்லை

பூட்டிக் கிடந்த வீட்டின் பழுது இதுதான். ஆனாலும் பேரிங்குக்குப் போவதற்கு முன் காசில்லாத காரணங்களைப் பார்த்துவிடுங்கள்.

கீழ்க் கப்பின் திருகு தளர்ந்து, கப் மோட்டாரின் தலைமேல் இறங்கி உரசிக்கொண்டிருக்கலாம். விரல் நுழையும் அளவு மேலே தூக்கித் திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. வெள்ளையடித்தவர்கள் விசிறியை மூடாமல் அடித்திருந்தால், சுண்ணாம்பு வழிந்து ராடுக்கும் மோட்டாருக்கும் இடையே கல்லாகியிருக்கும். அதை ஈரத்துணியால் ஊறவைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் நீர் காயிலில் இறங்கும். குளவிக் கூடும் ஒட்டடையும் காற்றுத் துளைகளில் அடைத்திருக்கும். குளவி உயிரோடு இருக்கிறதா என்று கீழிருந்தே கவனித்துவிட்டு ஏறுங்கள். உயரத்தில் குளவி கொட்டினால் கை தானாக ஏணியை விட்டுவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் பேரிங்தான். இங்கே செய்யக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: மேலிருந்து எண்ணெய் ஊற்றுவது. இரு புறமும் தகடு மூடிய பேரிங்குக்குள் அது சரியாக இறங்காது. வழிந்து காயிலில்தான் படியும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம்; ஓரிரு நாள் இலகுவாக்கிவிட்டு, நாளாக நாளாகப் பிசினாகி முன்பைவிட இறுக்கிவிடும். எண்ணெய் விடுவதற்கென்றே துளை வைத்த மிகப் பழைய கனமான விசிறிகளுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் சில துளி விடலாம்.

பல மாதம் நின்ற விசிறியில் கிரீஸ் சற்றே இறுகியிருந்தால், மின்சாரம் இல்லாமல் கையால் ஐம்பது அறுபது சுற்றுகள் பொறுமையாகச் சுற்றிவிட்டாலே சில நேரம் இளகிவிடும். சுற்றச் சுற்ற இலகுவானால் 5-இல் வைத்து ஓடவிட்டு, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். அது அந்த விசேஷம்வரை தாங்கக்கூடும். பேரிங்கை மாற்றும் வேலை தள்ளிப்போயிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சுற்றச் சுற்ற ‘கரகர’ அதிகமானால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

பேரிங் மாற்றுவதற்கு மோட்டாரை இறக்கி, மூடியைப் பிரித்து, புல்லர் எனும் இழுவைக் கருவி கொண்டு இழுத்து எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்தால் ஷாஃப்ட் வளையும், புது பேரிங்கும் முதல் நாளே அடிவாங்கிவிடும். ஆகவே புல்லர் இல்லாதவர்கள் இதைக் கடையில் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது மேல், கீழ் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். அவற்றின் எண் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். 6202 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35. 6201 என்றால் 12, 32. பழையதில் உள்ள எண்ணையே, இரு புறமும் தகடு மூடியதாகக் கேட்டு வாங்குங்கள். பிரிப்பதற்கு முன் மேல்மூடி, நடுவட்டம், கீழ்மூடி மூன்றையும் சேர்த்து ஒரு கோடு கீறிவைத்தால், திரும்பப் பூட்டும்போது பழைய இடத்திலேயே பொருந்தி, விசிறி ஆடாது.

அறிகுறி 3: 5-இல் சுற்றுகிறது, 1, 2-இல் உறுமிக்கொண்டு நிற்கிறது

இது ரெகுலேட்டர் பழுதாக இருக்கலாம், தளர்ந்த கண்டன்சரின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ரெகுலேட்டரைத் தவிர்த்து விசிறிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதே தெளிவான சோதனை. சுவிட்ச் பெட்டியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இதை மின்பணியாளரிடம் விட்டுவிடலாம். நேரடியாகக் கொடுத்தும் மந்தமாகப் புறப்பட்டால் கண்டன்சரை அளந்து பாருங்கள். நன்றாகப் புறப்பட்டால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். படிப்படியாக ‘டக்’கென்று விழும் ரெகுலேட்டரில் இந்த உறுமல் குறைவு, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப்போல வழவழவென்று திரும்பும் வகையில் குறைந்த வேகத்தில் உறுமல் வருவது இயல்பு.

அறிகுறி 4: சில நேரங்களில் மட்டும் நிற்கிறது

மாலையில் மட்டும் உறுமி நின்று, இரவு பத்து மணிக்குமேல் தானாகச் சரியாகிவிட்டால், விசிறியைத் திறக்க வேண்டாம். பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் வோல்ட் பாதியானால், விசிறியைப் புறப்படவைக்கும் விசை கால் பங்காகிவிடும். கல்யாண சீசனில் ஒரே தெருவில் பல வீடுகள் ஒன்றாகத் திறந்து, மின்விளக்கு அலங்காரமும் ஏசியும் ஓடும்போது இதை அடிக்கடி பார்க்கிறேன். தெருவில் எல்லா வீட்டிலும் குறைவாக இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும், அதிலும் முகப்பில் சரியாக இருந்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் மட்டும் குறைந்தால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. பழைய தேக்குச் சட்டத்தின்மேல் ஓடும் வயரிங்கில் அப்படிச் சூடாவது தீப்பிடிக்கும் அபாயம். அன்றே மின்பணியாளரை அழைத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமல் என்றால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். விசிறியில் பழுது இல்லை. சைன் அலை இன்வெர்ட்டரில் அந்த உறுமல் இருக்காது.

அறிகுறி 5: உறுமலோடு கருகல் வாடை, சூடு, அல்லது ஃபியூஸ் போகிறது

மெயினை அணைத்துவிட்டு அப்படியே விடுங்கள். ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பியைப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். காயிலின் வார்னிஷ் கருகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். விசிறியின் உடலைத் தொட்டபோது ஷாக் அடித்திருந்தாலும், ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தாலும் இதே விதிதான். காயில் கட்டுவதா, புது விசிறி வாங்குவதா என்பதுதான் அடுத்த கேள்வி. பழைய கனத்த விசிறி என்றால் செம்புக் கம்பியில் காயில் கட்டச் சொல்லுங்கள், அது இன்னும் பல காலம் உழைக்கும். மலிவான விசிறியில் பேரிங்கும் சேர்ந்து போயிருந்தால் காயில் கட்டும் செலவு வீண்.

அறிகுறி 6: பழுது பார்த்த பிறகு உறுமுகிறது, அல்லது எதிர்த் திசையில் சுற்றுகிறது

கீழிருந்து பார்க்கும்போது நம் விசிறிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் காற்று கீழே வராது. காமன் அல்லாத மற்ற இரண்டு கம்பிகளும் இடம் மாறி இணைக்கப்பட்டதே காரணம். மேலே சொன்ன ஓம் அளவை மறுபடி எடுத்து, காமனைப் பிரித்தறிந்து, மற்ற இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி இணைத்தால் சரியாகும். பேரிங் மாற்றி வந்த விசிறி உறுமினால், மூடியின் திருகுகள் ஒரு பக்கமாக இறுக்கப்பட்டிருக்கலாம். எதிரெதிராக மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி (மின்னணு கார்டால் இயங்கும் மோட்டார் கொண்ட) விசிறிக்கு இந்தப் பக்கங்களில் சொன்ன கண்டன்சர் சோதனை எதுவும் பொருந்தாது. அது உதறிக்கொண்டு நின்றால், முதலில் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அதை நீக்குங்கள். பிறகும் நின்றால் உள்ளே இருக்கும் கார்டுதான் காரணமாக இருக்கும். கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

மின்பணியாளரை அழைக்கும்போது

கம்பியாளர் தகுதிச் சான்று பெற்றவரை அழையுங்கள். தொலைபேசியிலேயே நான்கு விவரங்களைச் சொல்லிவிடுங்கள்: கையால் சுற்றினால் எப்படி இருக்கிறது, கம்பால் தள்ளினால் புறப்படுகிறதா, கண்டன்சரில் என்ன எண் இருக்கிறது, தரையிலிருந்து கப் எவ்வளவு உயரம். கடைசி விவரம் தெரியாமல் சிறிய ஏணியோடு வந்துவிட்டு நான் பாதி நாளை இழந்திருக்கிறேன்.

கப்புக்குள் வயரின் ரப்பர் உறை தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தால், விசிறியை மட்டும் சரிசெய்து திரும்ப மாட்டக் கூடாது; அந்த வரிசை வயர் முழுவதையும் மாற்ற வேண்டும். மோட்டாரை இறக்கி ஏற்றும் நாளில், உத்தரத்தில் பதித்த கொக்கியையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொக்கியின் வளைவில் ஷேக்கில் (விசிறியைக் கொக்கியில் மாட்டும் வளையம்) அறுத்த பள்ளம் தெரிந்தாலோ, மரத்தில் கொக்கியைச் சுற்றிப் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, கொக்கியை மாற்றும்வரை அந்த விசிறியை ஏற்ற வேண்டாம். ஷேக்கில் போல்ட்டின் நுனியில், அது கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் கம்பி இருக்கிறதா, அதன் இரு கால்களும் விரித்து வளைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை, ஏணியை எடுப்பதற்கு முன் நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள்.